மவுஸைத் தேடிப் போகாத கை: இணையத்தில் தேடுபவருக்கு எந்த ஷார்ட்கட்கள் உதவும்?

ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் இணையத்தில் தேடுகிறேன், மவுஸ் பிடித்துப் பிடித்து சாயங்காலம் ஆனால் வலது மணிக்கட்டு வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாண்டிய நாட்டுக் கண்மாய்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வு. தேடுவது பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில். கேட்டிருப்பது மூன்று கேள்விகள். எந்தக் கீபோர்டு ஷார்ட்கட்களை முதலில் பழகுவது? பக்கத்துக்குள் சொல்லைத் தேடும் கன்ட்ரோல்+எஃப், தமிழில் ஏன் பல நேரம் காலை வாருகிறது? மவுஸே தொடாமல் வேலை செய்ய எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்க்கும் துணைநிரல்) ஏதாவது போடலாமா?

பதினெட்டு வருடமாக மொழிபெயர்ப்பும் மெய்ப்பும் பார்க்கிறேன். ஒரு ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கவே சில நாட்களில் நாற்பது பக்கம் திறந்து மூட வேண்டியிருக்கும். அந்த அனுபவத்தில் எனக்குக் கைகொடுத்ததை மட்டும் சொல்கிறேன். மணிக்கட்டு வலி வாரக்கணக்கில் நீடித்தால் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், அதற்கு ஷார்ட்கட் மருந்தாகாது.

ஷார்ட்கட் என்று தேடினால் நூறு விசைகளைப் பட்டியல் போட்ட படங்கள் கிடைக்கும். அவற்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒட்டியிருக்கிறேன். நூறில் தொண்ணூறு உங்கள் வேலைக்கு வராது. தேடும்போது நேரம் எங்கே போகிறது என்று ஒரு நாள் உங்களையே கவனியுங்கள். சொல்லைத் தட்டி என்டர் அடிப்பதில் இரண்டு மூன்று விநாடிதான். அப்புறம்தான் நேரம் கரைகிறது: முடிவுகளில் ஒன்றைத் திறப்பது, நீண்ட பக்கத்தில் நமக்கு வேண்டிய வரியைக் கண்டுபிடிப்பது, இல்லையென்றால் திரும்பி வருவது, அடுத்ததைத் திறப்பது. இந்தச் சுற்று ஒரு நாளைக்கு நூறு தடவை நடக்கிறது. அதற்குள் வரும் விசைகளை முதலில் பழகுங்கள். மற்றவை தானாக வந்து சேரும்.

முதல் வாரத்துக்கு மூன்றே மூன்று. கன்ட்ரோல்+எல், ஆல்ட்+என்டர், கன்ட்ரோல்+எஃப். (மேக் வைத்திருந்தால் பெரும்பாலும் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. நான் விண்டோஸ், லினக்ஸ் கணக்கில் சொல்லிக்கொண்டு போகிறேன்.)

கன்ட்ரோல்+எல் தட்டினால் பக்கத்தில் எங்கே இருந்தாலும் கர்சர் மேலே முகவரிப் பட்டைக்குப் போய், அங்கே இருக்கும் முகவரி முழுவதும் தேர்வாகி நிற்கும். அழிக்க வேண்டாம், அப்படியே தட்டலாம். எல் என்பது லொகேஷன் என்பதன் முதல் எழுத்து என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பெட்டி என்று ஆக்கியது. இன்று எல்லாப் பிரவுசரிலும் இந்த ஒரு பட்டையே போதும். ஆகவே தேடுவதற்காக முதலில் கூகுளின் முகப்புப் பக்கத்தைத் திறப்பது தேவையில்லாத ஒரு படி. இதை நான் பார்த்தவரை பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இன்னும் செய்கிறார்கள். எஃப் 6 விசையும் இதே வேலையைச் செய்யும், ஆனால் பல லேப்டாப்களில் கூடவே எஃப்என் விசையையும் அழுத்த வேண்டியிருக்கும் என்பதால் கன்ட்ரோல்+எல் விசையையே பழகுவது நல்லது.

ஆல்ட்+என்டரைப் பலருக்குத் தெரியாது. முகவரிப் பட்டையில் சொல்லைத் தட்டிவிட்டு வெறும் என்டர் அடித்தால் இப்போது படித்துக்கொண்டிருக்கும் பக்கம் போய்விடும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு என்டர் அடித்தால் தேடல் புதிய டேப்பில் திறக்கும், படித்த பக்கம் அப்படியே இருக்கும். வைகைப் பாசனம் பற்றிய ஒரு கட்டுரையைப் படிக்கிறீர்கள், நடுவில் ‘கலிங்கு’ என்று ஒரு சொல் வருகிறது. கன்ட்ரோல்+எல், கலிங்கு, ஆல்ட்+என்டர். பார்த்துவிட்டு கன்ட்ரோல்+டபிள்யூ அடித்து மூடினால் விட்ட வரியிலேயே வந்து நிற்பீர்கள். ஆய்வாளருக்கு இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், “எங்கே படித்தோம்” என்று பின்னால் போய்த் தேடுகிற பாடு பெரிய அளவில் குறையும்.

சரி, இப்போது கன்ட்ரோல்+எஃப். கூகுளில் மனிதர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்த டான் ரஸ்ஸல், 2011இல் ஒரு தகவல் சொன்னார்: தாங்கள் கவனித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குப் பக்கத்துக்குள் சொல்லைத் தேட இப்படி ஒரு விசை இருப்பதே தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் தமிழில் அது கைவிடுகிறது என்கிறீர்கள். காரணம் விசையில் இல்லை. தமிழ்ச் சொல் உருமாறுகிற விதத்தில் இருக்கிறது.

கன்ட்ரோல்+எஃப் இலக்கணம் அறியாது. நீங்கள் கொடுத்த எழுத்து வரிசை அதே வரிசையில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். ஆங்கிலத்தில் ‘டேங்க்’ என்று கொடுத்தால் பன்மையில் இருப்பதும் மாட்டும், ஏனென்றால் சொல்லின் பின்னால் ஒரு எழுத்து சேர்கிறதே தவிர முன்னால் இருப்பது மாறுவதில்லை. தமிழில் ‘குளம்’ என்று தேடினால் குளம் மட்டுமே கிடைக்கும். குளத்தில், குளத்துக்கு, குளங்கள் எல்லாம் விட்டுப்போகும். கட்டுரை முழுக்கக் குளத்தைப் பற்றியே இருந்தாலும், எழுதியவர் வேற்றுமை உருபோடு எழுதியிருந்தால் எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்யம் காட்டும். நீங்களும் பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

ஆகவே முழுச் சொல்லைத் தட்டாதீர்கள். எல்லா வடிவத்திலும் மாறாமல் இருக்கிற முன்பகுதியை மட்டும் தட்டுங்கள். குளத்துக்கு ‘குள’ போதும். ‘அங்குள்ள’ போன்ற சொற்களும் இடையில் வந்து நிற்கலாம், என்டரைத் தட்டித் தாண்டிவிடலாம். உங்கள் ஆய்வுச் சொல்லான கண்மாயையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கண்மாய்’ என்று புள்ளி வைத்துத் தேடினால் கண்மாயில், கண்மாயை, கண்மாயின் மூன்றும் மாட்டாது, ஏனென்றால் அங்கே ய் மீது புள்ளி இல்லை, உயிர் ஏறிவிட்டது. ‘கண்மா’ என்று நிறுத்துங்கள், எல்லாம் வரும். அப்புறம் அதே பக்கத்தில் ‘கம்மா’ என்றும் ஒருமுறை தேடுங்கள். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு வழக்கைப் பதிவு செய்தவர்கள் கம்மாய் என்றே எழுதியிருப்பார்கள். ஏரி என்ற சொல்லில் இந்தச் சிக்கல் இல்லை: ஏரியில், ஏரிகள், ஏரிக்கரை எல்லாவற்றிலும் ‘ஏரி’ அப்படியே நிற்கிறது. ஆறு அப்படியில்லை, ஆற்றில் என்று மாறிவிடும். அதை ‘ஆறு’ என்றும் ‘ஆற்’ என்று தொடங்கியும் இரண்டு தடவை தேடத்தான் வேண்டும். உங்கள் துறையில் அடிக்கடி வரும் இருபது சொற்களுக்கு மாறாத முன்பகுதி எது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், நான் முன்னே சொன்ன நூறு விசைப் பட்டியலைவிட அது பத்து மடங்கு உதவும்.

குரோமில் தேடல் கட்டத்துக்குப் பக்கத்தில் 3/17 என்பதுபோல ஒரு எண் வரும். அதை வாசிக்கப் பழகுங்கள். நாற்பது பக்கக் கட்டுரையில் ‘கண்மா’ ஒரே ஒரு இடத்தில் வருகிறது என்றால் அது போகிற போக்கில் சொன்னது, பெரும்பாலும் அடிக்குறிப்பில் இருக்கும். அறுபது இடத்தில் வருகிறது என்றால் உட்கார்ந்து படிக்க வேண்டியது. வலது ஓரத்து ஸ்க்ரோல் பட்டையில் மஞ்சள் கோடுகளும் தெரியும், சொல் எந்தப் பகுதியில் குவிந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் புரிந்துவிடும். அடுத்த இடத்துக்குப் போக என்டர், முந்தைய இடத்துக்கு ஷிஃப்ட்+என்டர். கட்டத்தை மூடிய பிறகும் கன்ட்ரோல்+ஜி அடித்தால் அதே சொல்லின் அடுத்த இடத்துக்குப் போகும்.

இவ்வளவு செய்தும் பூஜ்யம் காட்டினால் மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பக்கம் இன்னும் முழுவதாக வரவில்லை. கீழே போகப் போக ஏறிக்கொண்டே வரும் பக்கங்களில், ஏறிய பகுதிக்குள் மட்டும்தான் தேடும். எண்ட் விசையை நாலைந்து தடவை அழுத்தி எல்லாவற்றையும் வரவைத்துவிட்டுத் தேடுங்கள்.

இரண்டு, அது எழுத்தே இல்லை, படம். கன்ட்ரோல்+ஏ அடித்துப் பாருங்கள், வரிகள் நீலமாகத் தேர்வாகவில்லை என்றால் ஸ்கேன் செய்த பக்கம். பழைய அரசாணைகளில் நிறைய இப்படித்தான் இருக்கும். இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கும் பழைய நூல் என்றால், அதன் பதிவிறக்கத் தெரிவுகளில் முழு உரை என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். எந்திரம் வாசித்து எடுத்த உரை அது. எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கும், அதனால் அங்கே நீளமான சொல்லைத் தட்டாமல் இரண்டு மூன்று எழுத்தோடு நிறுத்தித் தேடினால்தான் மாட்டும்.

மூன்றாவது, தமிழுக்கே உரியது. பக்கத்தில் தமிழ் அழகாகத் தெரியும், வரிகளும் தேர்வாகும், ஆனால் ஒரு சொல்லும் மாட்டாது. அந்தக் கோப்பு யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்கு ‘க’ என்று தெரிவது உள்ளே வேறு ஏதோ ஒரு ஆங்கில எழுத்தாக இருக்கும். தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றதே 2010இல்தான். அதற்கு முந்தைய கோப்புகளிலும், அதற்குப் பிறகும் பழைய பழக்கத்தில் அடித்த பலவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. சோதிப்பது எளிது. ஒரு சொல்லைத் தேர்ந்து கன்ட்ரோல்+சி, பிறகு கன்ட்ரோல்+எல், கன்ட்ரோல்+வி. முகவரிப் பட்டையில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை வந்தால் அது பழைய எழுத்துரு. இப்போது பாருங்கள், அந்தக் குப்பையே உங்களுக்குச் சாவி. கண்மாய் என்ற சொல் கண்ணில் படும் ஓரிடத்தில் அதைப் பிரதி எடுத்து, கன்ட்ரோல்+எஃப் கட்டத்தில் ஒட்டினால் அந்தக் கோப்பு முழுக்க அதே சொல் வரும் இடமெல்லாம் மாட்டும். சில வருடம் முன்பு முந்நூறு பக்கக் கோப்பு ஒன்றை வரி வரியாக இரண்டு நாள் படித்து முடித்த பிறகுதான் எனக்கு இது தோன்றியது. அந்த இரண்டு நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றித் தட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் விசை+ஸ்பேஸ் அடித்தால் உள்ளீட்டு மொழி மாறும். நீங்கள் தமிழ் 99 விசைப்பலகை பழகியிருந்தாலும் சரி, ஒலிபெயர்ப்பு முறையில் அடித்தாலும் சரி, இதற்காக மூலையில் இருக்கும் மொழிக் குறியைக் கிளிக் செய்யாதீர்கள். கன்ட்ரோல் சேர்ந்த ஷார்ட்கட்கள் தமிழ் உள்ளீட்டில் இருக்கும்போதும் பொதுவாக வேலை செய்யும். தனி எழுத்து ஷார்ட்கட்கள்தான் தகராறு செய்யும். சில தளங்களில் வெறும் ஒரு ஆங்கில எழுத்தைத் தட்டினாலே ஏதாவது நடக்கும், தமிழில் இருக்கும்போது அந்த விசை தமிழ் எழுத்தாகப் போவதால் தளத்துக்குப் புரியாது. “சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை” என்று எழுதியிருந்தீர்களே, அது இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து சொல்லப்போவதற்குத் தொடக்கத்தில் அரை மணி நேரம் செலவாகும். ஆனால் ஆய்வு முடியும்வரை தினமும் பலன் தரும். தினமும் போகிற தளங்களின் தேடலை முகவரிப் பட்டைக்கே கொண்டுவந்துவிடலாம். உங்கள் வேலைக்கு எவை என்று யோசித்தால், தமிழ் விக்கிப்பீடியா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து ஆவணங்களுக்கு நூலகம் தளம், அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்தப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் தேடும் வசதியோடு வலையில் வைத்திருக்கிறது. நீர்நிலைச் சொற்களோடு மல்லுக்கட்டும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது.

செய்யும் முறை இது. அந்தத் தளத்தின் தேடல் பெட்டியில் ஏதாவது ஒரு சொல்லைத் தேடுங்கள். முடிவுப் பக்கம் வந்ததும் முகவரியைப் பிரதி எடுங்கள். அதற்குள் நீங்கள் தேடிய சொல் எங்கேயோ இருக்கும். அந்தச் சொல்லை நீக்கிவிட்டு அதே இடத்தில் சதவீதக் குறியும் அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எஸ்ஸும் போடுங்கள். குரோமில் அமைப்புகளுக்குள் தேடுபொறி என்ற பகுதியில் தளத் தேடல்களைச் சேர்க்கும் இடம் இருக்கிறது. பெயர், ஷார்ட்கட், முகவரி என்று மூன்று கட்டம். முகவரிக் கட்டத்தில் நீங்கள் மாற்றிய முகவரி, ஷார்ட்கட் கட்டத்தில் உங்களுக்குப் பிடித்த சிறு குறி. ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் சுலபம்: பல தளங்களில் தேடல் பெட்டிமேல் வலது கிளிக் செய்தாலே சேர்ப்பதற்கான தெரிவு வரும்.

இதில் இரண்டு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதலில், சோதனைக்குத் தமிழ்ச் சொல்லைத் தேடாதீர்கள். பிரதி எடுத்து ஒட்டும்போது தமிழ் எழுத்து சதவீதக் குறிகளாக விரிந்துவிடும். ‘குளம்’ என்பது கணினிக்கு ஐந்து குறியீடு, அது முகவரியில் 45 எழுத்தாக நீளும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரித்து எடுப்பது கண்ணைக் கெடுக்கும் வேலை. ஆங்கிலத்தில் ஏதாவது சின்னச் சொல்லைத் தேடினால் பளிச்சென்று தெரியும். இன்னொன்று விக்கிப்பீடியாவுக்கு உரியது. நீங்கள் தேடிய பெயரிலேயே கட்டுரை இருந்தால் அது நேராக அந்தக் கட்டுரைக்குப் போய்விடும், தேடல் முகவரியே தெரியாது. கட்டுரை இல்லாத ஒரு அர்த்தமற்ற எழுத்துக் கோவையைத் தேடினால் தேடல் பக்கத்தில் நிற்கும், அந்த முகவரியை எடுத்துக்கொள்ளலாம்.

ஷார்ட்கட் குறிக்கு நான் ஆங்கில எழுத்து வைப்பதில்லை, எண் வைக்கிறேன். தமிழ் உள்ளீட்டில் இருக்கும்போதும் எண்கள் எண்களாகவே விழும், மொழி மாற்ற வேண்டியதில்லை. எனக்கு 111 லெக்சிகன், 222 தமிழ் விக்கிப்பீடியா, 333 மின்நூலகம். ஒற்றை இலக்கம் வைத்தால் “2 கண்மாய்” போல எண்ணில் தொடங்கும் உண்மையான தேடல்களோடு முட்டும், மூன்று இலக்கம் அவ்வளவாக முட்டாது. இப்போது கன்ட்ரோல்+எல், 111, ஸ்பேஸ், மடை, ஆல்ட்+என்டர். அகராதி புதிய டேப்பில் திறந்து மடை என்ற சொல்லில் நிற்கும். முன்பு இதற்கு புக்மார்க் தேடி, தளம் திறந்து, பெட்டியைக் கிளிக் செய்து என்று நான்கைந்து படி இருந்தது.

டக்டக்கோவைத் தேடுபொறியாக வைத்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பு வேலை கொஞ்சம் குறைவு. ஆச்சரியக்குறி போட்டு ஆங்கிலச் சிறு எழுத்து டபிள்யூ தட்டி ஒரு சொல் கொடுத்தால் ஆங்கில விக்கிப்பீடியாவுக்குப் போகும், இப்படி ஆயிரக்கணக்கான தளங்களுக்கு ஆயத்தக் குறிகள் உண்டு. அதன் முடிவுப் பக்கத்தில் கீழ் அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொரு முடிவாக இறங்கி என்டர் அடித்துத் திறக்கவும் முடியும். தமிழ்த் தேடலுக்கு நான் கூகுளையே அதிகம் நம்புகிறேன், ஆங்கிலக் கட்டுரைகளுக்கு இதையும் பயன்படுத்துகிறேன்.

கூகுளின் முடிவுப் பக்கத்தில் ஒரு சின்ன வசதி உண்டு. சாய்கோடு விசையைத் தட்டினால் கர்சர் தேடல் பெட்டிக்குப் போய், நீங்கள் தேடிய சொற்களின் பக்கத்தில் நிற்கும். கன்ட்ரோல்+எல் எல்லாவற்றையும் புதிதாகத் தட்டவைக்கும், இது இருக்கும் தேடலைத் திருத்தவைக்கும். இரண்டாவது தேவைதான் உங்களுக்கு அதிகம், ஏனென்றால் முதல் தடவையிலேயே சரியான தேடல் அமைவது அபூர்வம். திருத்தும்போது கைவசம் இருக்க வேண்டியவை சில. சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அப்படியே தேடும். ஒரு சொல்லின் முன் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் வரும் பக்கங்களை விலக்கும். சொற்களுக்கு நடுவே நெட்டுக்கோடு போட்டால் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று பொருள்: கண்மாய் | கம்மாய் | ஊருணி | ஏந்தல். பாண்டிய நாட்டு நீர்நிலை ஆய்வுக்கு இந்த ஒரு வரியே பாதித் தேடல். ஒரு தளத்துக்குள் மட்டும் தேட, எஸ், ஐ, டி, ஈ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் போட்டு இடைவெளி விடாமல் தளத்தின் பெயரைச் சேர்க்க வேண்டும். அரசுத் தளங்கள் மட்டும் போதும் என்றால் அங்கே கவ் டாட் இன் என்பதை ஆங்கிலத்தில் கொடுத்தால் போதும்.

முடிவுகளைத் திறப்பதில்தான் கை மீண்டும் மவுஸுக்குப் போகும். மவுஸ் வைத்தே செய்வதானால், கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு லிங்க்கைக் கிளிக் செய்யுங்கள், அல்லது நடுச்சக்கரத்தை அழுத்துங்கள். பின்னணியில் புதிய டேப்பாகத் திறக்கும், நீங்கள் முடிவுப் பக்கத்திலேயே இருப்பீர்கள். ஐந்தாறு நல்ல முடிவுகளை இப்படித் திறந்துவிட்டு, கன்ட்ரோல்+டேப் கீ அடித்து ஒவ்வொன்றாகப் போய் கன்ட்ரோல்+எஃப், ‘கண்மா’, எண்ணைப் பார், தேறாததை கன்ட்ரோல்+டபிள்யூ. ஆறு பக்கத்தை ஒரு நிமிடத்துக்குள் சலித்துவிடலாம். தவறி நல்லதையும் மூடிவிட்டால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டி, மூடியது திரும்ப வரும். திரும்பத் திரும்ப அடித்தால் அதற்கு முன் மூடியவையும் வரிசையாக வரும். இந்த ஒரு விசை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் டேப்களைத் தயங்காமல் மூடுகிறேன்.

மவுஸ் இல்லாமலே திறக்க ஃபயர்ஃபாக்ஸில் ஓர் அருமையான வழி: ஒற்றை மேற்கோள் விசையைத் தட்டிவிட்டு, திறக்க வேண்டிய லிங்க்கில் இருக்கும் ஒரு சொல்லைத் தட்டுங்கள். லிங்க்குகளுக்குள் மட்டும் தேடி நிற்கும், என்டர் அடித்தால் திறக்கும். குரோமில் கன்ட்ரோல்+எஃப் அடித்து லிங்க்கில் இருக்கும் சொல்லைக் கண்டுபிடித்து, எஸ்கேப் அடித்தால் அந்த லிங்க்கிலேயே நிற்பீர்கள். அப்புறம் என்டர், அல்லது பின்னணியில் திறக்க கன்ட்ரோல்+என்டர்.

நாற்பது டேப் திறந்துகிடக்கிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். குரோமில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அடித்தால் திறந்திருக்கும் டேப்களின் தலைப்பில் தேடலாம். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் சதவீதக் குறியும் ஸ்பேஸும் போட்டுச் சொல்லைத் தட்டினால் திறந்திருக்கும் டேப்களிலும், சதவீதக் குறிக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் புக்மார்க்குகளிலும் தேடும். ஒருமுறை தவறாகத் தட்டிய முகவரி ஒவ்வொரு தடவையும் பரிந்துரையாக வந்து தொல்லை கொடுத்தால், அம்புக்குறியால் அதில் நின்று ஷிஃப்ட்+டெலிட் அடித்தால் போய்விடும்.

மேற்கோள் எடுக்க இரண்டு. எஃப் 7 அடித்தால் இணையப் பக்கத்துக்குள்ளேயே கர்சர் வரும், ஷிஃப்ட்டும் அம்புக்குறியும் கொண்டு வேண்டிய வரியை மட்டும் தேர்வு செய்யலாம். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல், இழுத்துத் தேர்வு செய்வதுதான் மணிக்கட்டை அதிகம் படுத்தும். விண்டோஸ் விசை+வி அடித்தால் கடைசியாகப் பிரதி எடுத்தவற்றின் பட்டியல் வரும் (முதல் தடவை இயக்கச் சொல்லிக் கேட்கும்). ஐந்து பக்கத்தில் ஐந்து வரியை எடுத்துவிட்டுக் கடைசியில் ஒன்றாக ஒட்டலாம்.

மவுஸே தொடாத தேடல் எப்படி இருக்கும் என்பதை நான் முதலில் பார்த்தது ஒரு பார்வையற்ற நண்பரிடம். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்து வேலை செய்கிறார். கூகுளில் தேடியதும் ஹெச் விசையைத் தட்டினார். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு முடிவின் தலைப்பை அது வாசித்தது, ஏனென்றால் கூகுள் முடிவுகளின் தலைப்புகள் பக்கத்துக்குள் தலைப்பு என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன. நான்காவதில் நின்றார், என்டர் அடித்தார், திறந்த பக்கத்திலும் அதே ஹெச் விசையால் உள்தலைப்புகளை மட்டும் கேட்டுக்கொண்டே போய் வேண்டிய பகுதியில் நின்றார். நான் அதே முடிவுப் பக்கத்தில் இன்னும் ஸ்க்ரோல் செய்துகொண்டிருந்தேன். நீண்ட பக்கத்தை வரி வரியாகப் பார்க்காமல் தலைப்பு தலைப்பாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

கடைசிக் கேள்வி, எக்ஸ்டென்ஷன். விமியம் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், மூலநிரல் திறந்தது, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுக்கும் கிடைக்கும். எஃப் தட்டினால் திரையில் தெரியும் ஒவ்வொரு லிங்க்கின்மேலும் ஓரிரண்டு எழுத்து ஒட்டிக்கொள்ளும், அந்த எழுத்தைத் தட்டினால் லிங்க் திறக்கும். பெரிய எஃப் என்றால் புதிய டேப்பில். பழகிவிட்டால் மவுஸ் தூசி படிந்து கிடக்கும். ஆனால் இப்போதே போட வேண்டாம், ஒரு மாதம் போகட்டும். முதலில் பிரவுசரோடு வருகிற விசைகள் கையில் ஏறட்டும், ஏனென்றால் அவை பல்கலைக்கழக நூலகத்துக் கணினியிலும், நண்பர் வீட்டு லேப்டாப்பிலும், பிரவுசிங் சென்டரிலும் எதையும் நிறுவாமல் அப்படியே வேலை செய்யும். விமியம் உங்கள் கணினியில் மட்டும். தவிர, இப்படிப்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கத்தையும் அணுகும் அனுமதி கேட்கும், அதனால் அதிகாரபூர்வ எக்ஸ்டென்ஷன் கடையிலிருந்து மட்டும் நிறுவுங்கள், பெயர் ஒத்த வேறொன்றைப் போட்டுவிடாதீர்கள். நான் முன்னே சொன்ன தனி எழுத்துத் தகராறு இதிலும் உண்டு, தமிழ் உள்ளீட்டில் இருந்தால் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜிமெயில் போலத் தனக்கென்று விசைகள் வைத்திருக்கும் தளங்களில் இரண்டும் மோதும், அந்தத் தளங்களை விமியத்தின் அமைப்பில் விலக்கிவைக்கலாம். நிறுவியதும் ஏதாவது ஒரு பக்கத்தில் கேள்விக்குறியைத் தட்டுங்கள், அதன் விசைகள் எல்லாம் திரையில் வரும்.